நடந்ததும் நடந்துகொண்டிருந்ததும்

மழை பிடித்துக்கொண்டபோது திண்ணைக்கு ஓடினோம். மழை பிடித்துக்கொண்டபோது திண்ணைக்கு ஓடிக்கொண்டிருந்தோம். இந்த இரண்டு வாக்கியங்களையும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒருவரிடம் சொன்னாலும் வேறுபாடு உடனே விளங்கிவிடும். முதல் வாக்கியத்தில் மழை முந்தி, ஓட்டம் பிந்தி. மழைதான் ஓட வைத்தது. இரண்டாவதில் ஓட்டம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது, பாதி வழியில் மழை வந்து சேர்கிறது. எதற்காக ஓடினார்கள் என்பது வேறு கதை. இதே வேறுபாட்டை ஆங்கிலத்தில் 'வீ ரேன்', 'வீ வேர் ரன்னிங்' என்ற இரண்டு வடிவங்கள் காட்டுகின்றன. ஒன்றைச் சிம்பிள் பாஸ்ட் என்கிறோம், மற்றதைப் பாஸ்ட் கன்டினியுவஸ் என்கிறோம். தாய்மொழியில் ஒருபோதும் பிசகாத மாணவர், பள்ளிப் படிப்பு முழுவதும் ஆங்கிலம் படித்த பிறகும் இந்த இடத்தில் தடுமாறுகிறார். அந்தத் தடுமாற்றத்தின் வேர் நாம் கற்பிக்கும் முறையில் இருக்கிறது என்பதே இந்தச் சொற்பொழிவின் வாதம். காலத்தைப் பற்றியதல்லாத ஒரு வேறுபாட்டைக் காலம் என்று பெயர் சூட்டிக் கற்பிக்கிறோம். அவரிடம் முழுமையாக இருக்கும் தமிழ் வினையறிவை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கற்பிக்கிறோம்.

நம் வகுப்பறைகளில் ஆங்கில வினை ஓர் அட்டவணையாகத்தான் அறிமுகமாகிறது. மேலே பிரசன்ட், பாஸ்ட், ஃபியூச்சர். பக்கவாட்டில் சிம்பிள், கன்டினியுவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ். மூன்றை நான்கால் பெருக்கினால் பன்னிரண்டு டென்ஸ். ரென் அண்ட் மார்ட்டின் முதல் இன்றைய கைடுகள் வரை தலைமுறை தலைமுறையாக இதை மனப்பாடம் செய்துவந்திருக்கிறோம். வடிவங்களை நினைவில் வைக்க இந்தக் கட்டங்கள் உதவும். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பன்னிரண்டும் பன்னிரண்டு காலங்கள் என்ற எண்ணத்தை அவை மாணவர் மனத்தில் ஊன்றிவிடுகின்றன. ஒரு நிகழ்ச்சி ஒரு கட்டத்துக்குத்தான் உரியது, சரியான கட்டத்தைக் கண்டுபிடிப்பதே இலக்கணம் என்று அவர் நம்பத் தொடங்குகிறார். ஆங்கில இலக்கணக்காரர்களே எப்போதும் இப்படிப் பார்த்ததில்லை. 1795-இல் வெளிவந்து பல பத்தாண்டுகள் பள்ளிகளை ஆண்ட லிண்ட்லி மரேயின் இலக்கணம், முடிந்த செயலையும் முடியாமல் நடந்துகொண்டிருந்த செயலையும் லத்தீன் மரபைப் பின்பற்றி 'இம்பெர்ஃபெக்ட்' என்ற ஒரே பெயருக்குள் அடக்கியது. தனித்தனிக் கட்டங்கள் பிறகு வந்த ஏற்பாடு. நம் மரபோ இதில் இன்னும் தெளிவாக நடந்துகொண்டிருக்கிறது. தொல்காப்பியம் காலம் மூன்று என்பதோடு நின்றது. நன்னூல் அந்த மூன்று காலத்தையும் காட்டும் இடைநிலைகளைப் பட்டியலிட்டது. 'படித்துக்கொண்டிருந்தேன்' என்ற வழக்கு பெருகிய பிறகும் அதை நான்காவது காலம் என்று யாரும் எண்ணவில்லை. துணைவினை சேர்ந்த இறந்தகால வினை என்றே கொண்டார்கள். அந்தத் தெளிவு ஆங்கில வகுப்பில் நமக்குப் பயன்படாமல் போனது பெரிய இழப்பு.

நேற்று மாலை ஐந்து மணிக்கு ஒருவர் கடிதம் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். அதை 'ஹீ ரோட் எ லெட்டர்' என்றும் சொல்லலாம், 'ஹீ வாஸ் ரைட்டிங் எ லெட்டர்' என்றும் சொல்லலாம். நாள் அதே நாள், மணி அதே மணி, ஆள் அதே ஆள். மாறுவது சொல்பவர் நிற்கும் இடம். முதல் வடிவத்தில் அவர் நிகழ்ச்சிக்கு வெளியே நின்று அதைத் தொடக்கமும் முடிவும் உள்ள முழுப்பொருளாகப் பார்க்கிறார். இரண்டாவதில் நிகழ்ச்சிக்குள்ளேயே நிற்கிறார். தொடக்கமும் தெரியவில்லை, முடிவும் தெரியவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஆங்கில அறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சன், தொடர் வடிவம் வேறொரு நிகழ்ச்சியைச் சுற்றி நிற்கும் காலச் சட்டம் போன்றது என்று விளக்கினார். 1976-இல் பெர்னார்ட் காம்ரி பல மொழிகளை ஒப்பிட்டு எழுதிய நூலில் இந்த நோக்குநிலை வேறுபாட்டைக் காலத்திலிருந்து தெளிவாகப் பிரித்துக் காட்டினார். நிகழ்ச்சி எப்போது நடந்தது என்பது ஒன்று, அதன் உள்ளமைப்பை எப்படிக் காட்டுகிறோம் என்பது மற்றொன்று. மொழியியல் படித்தவர்களுக்கு இது அரை நூற்றாண்டுப் பழைய பாடம். பள்ளிப் பாடநூலுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இந்த நோக்குநிலை எதற்குப் பயன்படுகிறது என்பதைக் கதை சொல்லும்போதுதான் நன்றாகப் பார்க்க முடியும். ஆறு சிறு வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். பேருந்து நிலையத்தில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. டீக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஒரு சிறுவன் முறுக்கு விற்றுக்கொண்டிருந்தான். கண்டக்டர் விசில் அடித்தார். வண்டி நகர்ந்தது. சிறுவன் படியில் தாவி ஏறினான். முதல் மூன்று வாக்கியங்களை எந்த வரிசையில் மாற்றிப் போட்டாலும் கதை மாறாது. கடைசி மூன்றை மாற்றினால் கதையே மாறிவிடும்: சிறுவன் ஏறிய பிறகு வண்டி நகர்ந்தால் அங்கே தாவலும் இல்லை, பதற்றமும் இல்லை. தொடர் வடிவம் பின்னணியை விரிக்கிறது. தனி வடிவம் கதையை ஒவ்வோர் அடியாக முன்னே நகர்த்துகிறது. 1979-இல் பால் ஹாப்பர் பல மொழிகளின் கதைகளை ஆராய்ந்து இந்தப் பின்னணி, முன்னணிப் பிரிவை விளக்கினார். ஆங்கிலத்தில் இந்த ஆறு வாக்கியங்களையும் எழுதும் மாணவர் எல்லாவற்றையும் 'வாஸ்' போட்டு எழுதிவிட்டால், விசில் அடித்துக்கொண்டே இருக்கும், வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும், கதை ஓரடிகூட நகராது. எல்லாவற்றையும் சிம்பிள் பாஸ்டில் எழுதினால், கூட்டம் நெரிந்ததும் ரேடியோ பாடியதும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்த சம்பவங்களாகிவிடும். எந்த வாக்கியத்திலும் இலக்கணப் பிழை இருக்காது. கதைதான் இருக்காது. சிவப்பு மையில் சுழிக்க ஒன்றும் கிடைக்காத இந்த இடத்தில்தான் ஆசிரியர் நின்று பேச வேண்டியிருக்கிறது.

இன்னொரு சான்று தருக்கத்திலிருந்து வருகிறது. 1957-இல் ஜீனோ வெண்ட்லர் என்ற தத்துவ அறிஞர் வினைகளை அவற்றின் காலப் போக்கை வைத்து நான்கு வகையாகப் பிரித்தார். ஓடுவது எங்கே நிறுத்தினாலும் ஓடியதுதான். வட்டம் வரைவது அப்படியில்லை. பாதியில் நிறுத்தினால் வட்டம் இல்லை. டேவிட் டௌட்டி 1970-களில் இதை மேலும் ஆராய்ந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான் என்றால் வண்டியைத் தள்ளினான் என்பது உறுதி. வட்டம் வரைந்துகொண்டிருந்தான் என்றால் வட்டம் வரைந்தான் என்பது உறுதியில்லை. நம் வாசலிலேயே இதற்குச் சான்று உண்டு. அவள் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள் என்பது, கோலம் முடிந்தது என்பதற்குச் சாட்சியாகாது; நடுவில் யாரோ கூப்பிட்டு எழுந்து போயிருக்கலாம். இந்த நுணுக்கம் ஒரு விபத்து வழக்கில் எவ்வளவு கனமானது என்று எண்ணிப் பாருங்கள். அவர் சாலையைக் கடந்தார், லாரி மோதியது என்ற வாக்குமூலத்துக்கும், அவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தார், லாரி மோதியது என்ற வாக்குமூலத்துக்கும் இடையில் சாலையின் அகலமே இருக்கிறது. தமிழில் சாட்சி சொன்னதை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதுபவர் ஒரு 'வாஸ்'-ஐ விட்டுவிட்டால், மோதல் நடந்த இடம் சாலையின் நடுவிலிருந்து மறு ஓரத்துக்குப் போய்விடும்.

வடிவம் கேட்பவரின் தீர்ப்பையும் மாற்றுமா என்று உளவியலாளர்கள் சோதித்திருக்கிறார்கள். கெய்ட்லின் ஃபௌசியும் டீனி மேட்லாக்கும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் அரசியல்வாதி பணம் வாங்கினார் என்று படித்தவர்களைவிட, வாங்கிக்கொண்டிருந்தார் என்று படித்தவர்கள் அவர் மீண்டும் வெற்றி பெறுவார் என்பதில் அதிக ஐயம் காட்டினார்கள். பெரிய தொகை கைமாறியிருக்கும் என்றும் கருதினார்கள். அதே ஆண்டில், துப்பாக்கியால் சுட்டார் என்பதைவிடச் சுட்டுக்கொண்டிருந்தார் என்று படித்தவர்கள் அதிக உள்நோக்கம் கற்பித்தார்கள் என்று ஹார்ட்டும் அல்பராசினும் எழுதினார்கள். ஆனால் 2016-இல் பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து அந்த இரண்டாவது ஆய்வைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. ஆகவே இலக்கண வடிவம் நீதிபதியின் மனத்தையே திருப்பிவிடும் என்றெல்லாம் அடித்துச் சொல்ல நான் வரவில்லை. சாலையைக் கடந்தாரா இல்லையா என்ற பொருள் வேறுபாட்டுக்கு எந்தச் சோதனையும் தேவையில்லை. அது வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. என் வாதத்துக்கு அதுவே போதும்.

இனி தமிழ் வினைக்கு வருகிறேன். 'படித்துக்கொண்டிருந்தேன்' என்பதைப் பிரித்தால், 'படித்து' என்ற எச்சத்தில் நேற்றும் இல்லை நாளையும் இல்லை. 'படித்துக்கொண்டிருப்பேன்' என்றும் சொல்லலாமே. காலம் 'இருந்தேன்' என்பதில்தான் உட்கார்ந்திருக்கிறது. 'வாஸ் ரீடிங்' என்பதிலும் அப்படியே. 'ரீடிங்' செயலைச் சொல்கிறது. காலத்தை 'வாஸ்' சுமக்கிறது. இரண்டு மொழிகளும் தொடர்பில்லாத குடும்பங்களைச் சேர்ந்தவை. ஆனாலும் இரண்டும் 'இருத்தல்' வினையின் தோளில்தான் காலத்தை ஏற்றியிருக்கின்றன. எல்லா மொழிகளுக்கும் இந்த வசதி இல்லை. ஜெர்மன் மொழியில் இதற்கென்று கட்டாயமான இலக்கண வடிவம் கிடையாது. ஒரு காட்சியைக் காட்டி விவரிக்கச் சொன்னால், ஜெர்மன் பேசுவோர் செயல் எங்கே போய் முடிகிறது என்பதை அடிக்கடி சேர்த்துச் சொல்கிறார்கள், ஆங்கிலம் பேசுவோர் நடந்துகொண்டிருப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று கிறிஸ்டியானே ஃபோன் ஷ்டுட்டர்ஹைமும் அவருடைய குழுவினரும் காட்டியிருக்கிறார்கள். ஜெர்மன் மாணவர் புதிதாகக் கற்க வேண்டியதைத் தமிழ் மாணவர் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார். அதை அவரிடம் சொல்பவர்தான் இல்லை.

சமமாக இருப்பதைச் சொல்லிவிட்டு, சமமில்லாததை மறைத்தால் அது நேர்மையாகாது. உண்மையில் பிழைகள் பிறப்பது இரண்டு மொழிகளும் சற்றே விலகும் இடங்களில்தான். அந்த இடங்கள் எண்ணிக்கையில் குறைவு, பெயர் சொல்லிக் காட்டக்கூடியவை. 'நேற்று சாப்பிடும்போது ஃபோன் வந்தது' என்கிறோம். 'நாளை சாப்பிடும்போது சொல்கிறேன்' என்கிறோம். 'சாப்பிடும்' என்ற பெயரெச்சம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். காலத்தை முற்றுவினை பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலமோ ஒவ்வொரு வினையிலும் தனித்தனியாக இறந்தகால முத்திரை குத்தச் சொல்கிறது. அதனால்தான் மாணவர் 'வென் ஐ ஆம் ஈட்டிங், த ஃபோன் ரேங்' என்று எழுதுகிறார். இதைத் திருத்துபவர், பாஸ்ட் கன்டினியுவஸ் தெரியவில்லை, மறுபடி படி என்று அட்டவணைக்குத் திருப்பி அனுப்புகிறார். நோயறியாத மருத்துவம் இது. செயல் நடந்துகொண்டிருந்தது என்பதை மாணவர் சரியாகவே சொல்லிவிட்டார். விட்டது முத்திரை மட்டுமே. தமிழில் ஒரு முறை போதும், ஆங்கிலத்தில் இரண்டு முறை வேண்டும் என்று சொன்னால் ஒரு பாடவேளையில் தீரக்கூடிய விஷயம்.

அடுத்தது இன்னும் சுவையானது. 'அவன் நீலச் சட்டை போட்டிருந்தான்', 'அவன் நீலச் சட்டை போட்டுக்கொண்டிருந்தான்'. இரண்டாவது வாக்கியத்தில் கை இன்னும் சட்டைக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது, பொத்தான் மாட்டவில்லை. முதல் வாக்கியத்தில் சட்டை உடம்பில் இருக்கிறது. தமிழ், செயலின் ஓட்டத்துக்கு ஒரு வடிவமும் செயல் முடிந்து நிலைத்த நிலைக்கு வேறு வடிவமும் வைத்திருக்கிறது. உட்கார்ந்திருந்தார், படுத்திருந்தார், குடை பிடித்திருந்தார், கண்ணாடி அணிந்திருந்தார் எல்லாம் இந்த இரண்டாவது கணக்கில் வருபவை. இந்த இடங்களில் ஆங்கிலம் தொடர் வடிவத்தையே கேட்கிறது: 'வாஸ் வேரிங்', 'வாஸ் சிட்டிங்', 'வாஸ் லையிங்', 'வாஸ் ஹோல்டிங்'. நம் வகுப்பறைகளிலோ 'செய்திருந்தான்' என்றால் 'ஹேட் டன்' என்று ஒரு சமன்பாடு புழங்குகிறது. அதை நம்பிய மாணவர் 'ஹீ ஹேட் வோர்ன் எ புளூ ஷர்ட்' என்று எழுதுகிறார். காணாமல்போனவரின் அடையாளம் சொல்லும் விளம்பரத்தில்கூட இப்படி எழுத நேரலாம். படிப்பவருக்கு அது, முன்பு எப்போதோ போட்டிருந்த சட்டையாகத் தெரியும். தமிழைக் கொண்டுவந்து ஒப்பிட்டதால் வந்த பிழை இது என்று சொல்வார்கள். அரைகுறையாக ஒப்பிட்டதால் வந்த பிழை என்பதே சரி. 'போட்டிருந்தான்' என்பதற்குள் இருக்கும் நிலையை எடுத்துக்காட்டிவிட்டால், சமன்பாடு தானாக உதிரும்.

வழக்கமாக நடந்தவற்றைத் தமிழ் எதிர்கால உருவத்தில் சொல்கிறது. சின்ன வயதில் தினமும் ஆற்றில் குளிப்போம் என்றால் அது கடந்துபோன பழக்கம்தான். ஆங்கிலத்தில் அதற்குச் சிம்பிள் பாஸ்ட் போதும், அல்லது 'யூஸ்ட் டு', 'வுட்' போடலாம். ஆனால் பலநாள் நீடித்தது தொடர்ச்சிதானே என்று எண்ணி 'டெய்லி வீ வேர் பேதிங்' என்று எழுதுகிறார்கள். திரும்பத் திரும்ப நடப்பது வேறு, நடுவில் நின்று பார்ப்பது வேறு என்பதைக் 'கன்டினியுவஸ்' என்ற பெயரே மறைத்துவிடுகிறது. அறிவு, விருப்பம், நம்பிக்கை சொல்லும் வினைகளில் நிலைமை கலவையானது. 'ஐ வாஸ் நோயிங்' என்பதற்குத் தமிழ் பொறுப்பில்லை. அவரை எனக்கு அப்போதே தெரியும் என்கிறோமே தவிர 'தெரிந்துகொண்டிருந்தது' என்று யாரும் சொல்வதில்லை. அது கட்டங்களை நிரப்பிப் பழகிய கையிலிருந்து வருவது. 'ஐ வாஸ் பிலீவிங்' என்பது நம்மிடமிருந்தே போகிறது; நம்பிக்கொண்டிருந்தேன், நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்பவர்கள் நாம்.

தாய்மொழியை ஆங்கில வகுப்புக்குள் கொண்டுவந்தால் மாணவர் ஆங்கிலத்தில் சிந்திக்கவே பழகமாட்டார் என்று ஒரு மறுப்பு உண்டு. நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவது, கருத்தில் கொள்ள வேண்டியதும்கூட. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகள் எந்த ஒப்பீடும் இல்லாமல்தான் கற்கிறார்கள். ரோஜர் பிரௌன் 1973-இல் வெளியிட்ட நூலில் மூன்று குழந்தைகளின் பேச்சை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, அவர் எடுத்துக்கொண்ட பதினான்கு இலக்கண உருபுகளில் 'இங்' தான் முதலில் பிடிபடுகிறது, இறந்தகால 'எட்' வெகு பிறகே வருகிறது என்று காட்டினார். அந்தக் குழந்தைகளைச் சுற்றி நாள் முழுக்க ஆங்கிலம் ஒலித்துக்கொண்டிருந்தது. நம் மாணவருக்குக் கிடைப்பது நாளொன்றுக்கு ஒன்றோ இரண்டோ பாடவேளை. தமிழை வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அவர் மனத்தில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். மேலே காட்டிய பிழைகளே அதற்குச் சாட்சி. மறைவில் நடக்கும் ஒப்பீட்டை வெளிச்சத்தில் செய்யச் சொல்கிறேன், அவ்வளவே.

இந்தியர்களுக்கென்று ஓர் ஆங்கிலம் உண்டு, அதில் இவையெல்லாம் பிழையே அல்ல என்று இன்னொரு மறுப்பு வரும். இதில் உண்மை இருக்கிறது. ஆங்கிலத்தின் தொடர் வடிவம் ஒருநாளும் அசையாமல் நின்றதில்லை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டிடம் என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்கும் பொலோனியஸ் தனி வடிவத்தில்தான் கேட்கிறான். வீடு கட்டப்பட்டுக்கொண்டிருந்தது என்பதற்கான இன்றைய செயப்பாட்டு வடிவம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான் வேரூன்றியது; பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைக் கொச்சை என்று கண்டித்தவர்கள் இருந்தார்கள். 2003-இல் தொடங்கிய மெக்டொனால்ட்ஸ் விளம்பரம் 'லவ்' என்ற வினையையே தொடர் வடிவத்தில் போட்டு உலகம் முழுக்கப் பரப்பியது. ஆகவே 'பிலீவிங்' என்று எழுதும் மாணவரை நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். ஆனால் சாலையைக் கடந்தார் என்பதும் கடந்துகொண்டிருந்தார் என்பதும் எந்த ஊர் ஆங்கிலத்திலும் ஒன்றாகாது. வழக்கு மாறினால் ஏற்றுக்கொள்ளலாம்; பொருள் மாறினால் ஏற்றுக்கொள்ள முடியாது. ஆசிரியர் தன் சிவப்பு மையை எங்கே செலவிடுவது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, வினாத்தாள். அடைப்புக்குள் ஒரு வினையைக் கொடுத்து, பக்கத்தில் 'வைல்' என்றோ 'வென்' என்றோ ஒரு சொல்லை வைத்து, சரியான டென்ஸை எழுதுக என்கிறோம். 'வைல்' வந்தால் 'வாஸ்', 'வென்' வந்தால் 'எட்' என்று மாணவர் சொல்லைப் பார்த்து விடை எழுதிவிடுகிறார், வாக்கியத்தைப் படிப்பதில்லை. அந்தச் சூத்திரம் தேர்வறையைத் தாண்டியதும் உதவாது. இதற்குப் பதிலாக, பேருந்து நிலைய வாக்கியங்கள் ஆறையும் தமிழில் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொல்லலாம். எவற்றை இடம் மாற்றலாம், எவற்றை மாற்றக் கூடாது என்று கேட்கலாம். 'வென் த போலீஸ் கேம், த கிரவுட் லெஃப்ட்', 'வென் த போலீஸ் கேம், த கிரவுட் வாஸ் லீவிங்' என்று இரண்டு வாக்கியங்களைத் தந்து, போலீஸ் வந்ததால் கூட்டம் கலைந்தது எதில், போலீஸ் வரும் முன்பே கூட்டம் தானாகக் கலையத் தொடங்கியிருந்தது எதில் என்று கேட்கலாம். விடையை ஒரு வரி தமிழில் எழுதவும் அனுமதித்து, அதற்கும் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.